மாலை வகுப்புகளை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள்: பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டு முதல் தொடர்கல்வித் துறையின் மாலை நேரப் படிப்புகளுக்குச் சேர்க்கை கிடையாது என்றும், நடந்துகொண்டிருக்கும் வகுப்புகளும் இந்தப் பருவத்தோடு நிறுத்தப்படும் என்றும் அறிவிக்கும் உங்கள் சுற்றறிக்கையைத் துறையின் அறிவிப்புப் பலகையில் படித்தேன். அங்கே படித்துக்கொண்டிருக்கும் எங்களில் ஒருவருக்கும் தனியே கடிதம் வரவில்லை. எங்களை அழைத்து யாரும் கருத்தும் கேட்கவில்லை. படிப்பை முடிப்போர் குறைவு, சேருவோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிகிறது, துறை தன் செலவைத் தானே ஈட்டவில்லை என்று மூன்று காரணங்கள் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. நான் 22 ஆண்டுகளாக மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். 40 வயதில் உங்கள் மாலை வகுப்பில் புள்ளியியல் சான்றிதழ் படிப்பில் சேர்ந்து, அதை முடித்து, இப்போது 46 வயதில் பொதுச் சுகாதாரப் பட்டயப் படிப்பின் இறுதிப் பருவத்துக்கு முந்தைய பருவத்தில் இருக்கிறேன். அந்த ஆறு ஆண்டுகளில் நான் கண்டவற்றைக் கொண்டே உங்கள் மூன்று காரணங்களுக்கும் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் காரணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னை மிகவும் வருத்தியது அதுதான். இடைநின்றவர்கள் என்று நீங்கள் எண்ணியிருக்கும் பட்டியலில் நான் ஒருத்தியே இரண்டு முறை இருக்கிறேன். முதல் முறை என் தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். ஓராண்டுக்கும் மேலாக என்னால் வகுப்புக்கு வர இயலவில்லை. இரண்டாம் முறை என்னை ஏழு மாதங்கள் தொடர்ந்து இரவுப் பணியில் போட்டார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். ஒரு பருவத்துக்கு மேல் இடைவெளி விட்டால் முன்பு தேறிய தாள்கள் செல்லாது என்ற விதியால், ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வாங்கிய தாள்களை மீண்டும் எழுதினேன். துறை அலுவலகத்தில் என் பழைய பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது: உங்கள் பதிவேட்டில் நான் ஒரே மாணவியாக இல்லை. பாதியில் விட்டுப்போன இருவராகவும், புதிதாகச் சேர்ந்த ஒருவராகவும், படித்துக்கொண்டிருக்கும் ஒருவராகவும் இருக்கிறேன். திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்த ஒவ்வொருவரையும் இப்படி எண்ணிவிட்டு, அந்தக் கூட்டுத்தொகையை வைத்து இவர்கள் படிப்பை முடிப்பதில்லை என்று முடிவுசெய்வது நியாயமான கணக்கு ஆகாது.

என்னுடன் புள்ளியியல் வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் பாகங்களில் எத்தனையை எடுத்துச் சோதித்தால் போதும், எந்த எண்ணிக்கையில் குறை கண்டால் முழுத் தொகுதியையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை மேலதிகாரி சொன்னபடி செய்துகொண்டிருந்தவர், ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள வந்தார். மாதிரியெடுப்புப் பாடம் முடிந்ததும், தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று ஆசிரியரிடம் நன்றி சொல்லிவிட்டு நின்றுவிட்டார். இன்னொருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதவர், ஒரு தேர்வைக்கூட எழுதாதவர். இந்த இருவருமே உங்கள் கணக்கில் தோல்விகள். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் பல ஆண்டுகள் வலியுறுத்திச் சொன்னது இதைத்தான்: வயதுவந்தவர் வாழ்க்கையில் எதிர்கொண்ட ஒரு சிக்கலோடு வகுப்பறைக்கு வருகிறார், தன் அனுபவத்தையும் உடன் கொண்டுவருகிறார், அந்தச் சிக்கல் தீர்கிறதா என்பதை வைத்தே தான் கற்றதை மதிப்பிடுகிறார். பதினெட்டு வயதில் சேர்ந்து மூன்றாண்டில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருக்காக உருவாக்கிய அளவுகோலால் இவரை அளக்க முடியாது.

எல்லா இடைநிற்றலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மனம் உடைந்து போனவர்களும் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்த ஒரு பெண், மடக்கைப் பாடம் வந்தபோது, மற்றவர்கள் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று வாரம் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு வரவேயில்லை. அவருக்காக நான் இன்றும் வருந்துகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று. ஆனால் அவரைப் போன்றவர்களுக்குத் தேவைப்பட்டது முதல் பருவத்துக்கு முன்னால் ஆறு வார அடிப்படைக் கணித வகுப்பு. அதைத் துறை ஆசிரியர்கள் இரண்டு முறை கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சேர்க்கை சரிகிறது என்ற இரண்டாம் காரணத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை வகுப்புகள் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கின. கட்டடத்தைச் சீக்கிரம் பூட்ட வேண்டும் என்பதற்காக அவற்றை நாலரை மணிக்கு மாற்றினீர்கள். ஐந்து மணிக்கோ ஆறு மணிக்கோ வேலை முடிபவர் நாலரை மணி வகுப்புக்கு எப்படி வருவார்? என் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு மாற்றத்தால் நின்றார்கள். நான் தொடர முடிந்தது, சக செவிலியர் ஒருவர் என் பணி நேரத்தை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டதால்தான்.

சேர்க்கை விண்ணப்பத்தை உங்களில் யாரேனும் அண்மையில் படித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம் இல்லாத விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது என் தந்தையும் தாயும் உயிருடன் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். அலுவலகத்தில் திருப்பித் தந்தார்கள். கடைசியில் கல்லூரியில் படிக்கும் என் மகன் எனக்குக் காப்பாளராகக் கையொப்பமிட்டான். கடைசியாகப் படித்த நிறுவனத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பெற்ற நன்னடத்தைச் சான்றிதழும் கேட்டார்கள். நான் படித்த செவிலியர் பயிற்சி நிலையத்தில் என்னை நினைவில் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை; இருபது ஆண்டுகளுக்கு முன்பு படித்துச் சென்றவளின் இன்றைய நடத்தைக்கு அவர்கள் எப்படிச் சான்று தர முடியும்? அலுவலகம் பகலில் மட்டுமே இயங்குவதால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். இத்தனையையும் தாண்டி வர முடியாதவர்களை ஆர்வம் குறைந்தவர்கள் என்று சுற்றறிக்கை குறிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வகுப்புகள் பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பணியைச் சேர்ந்தவை அல்ல என்ற தொனியும் சுற்றறிக்கையில் இருக்கிறது. வரலாறு அதற்கு ஒத்துப்போகவில்லை. 1867-இல் வட இங்கிலாந்தின் சில நகரங்களில் உயர்கல்விக்கு வழியில்லாத பெண்கள் கூடி, கேம்பிரிட்ஜின் இளம் ஆசிரியர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைத் தொடர் உரையாற்ற அழைத்தார்கள். அடுத்து ரயில்வே தொழிலாளர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் அவரை அழைத்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து அவர் வலியுறுத்தியதால் 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்த வெளி வகுப்புகளைத் தன் சொந்தப் பணியாக ஏற்றது. சில ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டும் பின்தொடர்ந்தது. பல்கலைக்கழக விரிவாக்கம் என்று இன்று நாம் சொல்வது, வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கேட்டதால் பிறந்தது. அதிலும் முதலில் கேட்டவர்கள் பெண்கள் என்பதை நான் இந்த வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

முதல் உலகப் போர் முடிந்து நாடே மறுகட்டமைப்பில் இருந்தபோது, பிரிட்டன் அரசு அமைத்திருந்த குழு 1919-இல், வயதுவந்தோர் கல்வி நிரந்தரமான தேசியத் தேவை, குடிமக்களாக இருப்பதிலிருந்து பிரிக்க முடியாத ஒன்று, ஆகவே அது எல்லோருக்கும் வாழ்நாள் முழுவதும் கிடைக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. செலவழிக்கப் பணம் குறைவாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட அறிக்கை அது என்பதை மூன்றாம் காரணத்தோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். மறு ஆண்டே நாட்டிங்காம் பல்கலைக்கழகக் கல்லூரி வயதுவந்தோர் கல்விக்கென்று தனித் துறை தொடங்கியது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் விரிவாக்கத் துறை ஒன்றை அமைத்தது. அதன் இயக்குநர் மோசஸ் கோடியும் சக ஊழியர்களும் மீனவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார்கள். தங்கள் மீனுக்கு ஏன் இவ்வளவு குறைந்த விலை கிடைக்கிறது என்ற கேள்வியில் தொடங்கிய அந்தப் படிப்பு, அவர்களே நடத்திய கூட்டுறவுச் சங்கங்களிலும் கடன் சங்கங்களிலும் போய் முடிந்தது. அங்கே எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணியிருந்தால் அந்தப் பணியின் பயன் கண்ணில் பட்டிருக்குமா?

பல்கலைக்கழகம் எங்களுக்குத் தருவதைப் பற்றி மட்டுமே சுற்றறிக்கை பேசுகிறது. நாங்கள் தருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் நோயாளிகள் தவறி விழுந்தால் நேரத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். அதை யாரும் திரும்பப் படிப்பதில்லை. புள்ளியியல் வகுப்பில், எது எத்தனை முறை நிகழ்கிறது என்று பிரித்துப் பார்க்கும் நிகழ்வெண் பரவல் பாடம் நடந்தபோது, பாடநூல் எடுத்துக்காட்டுக்குப் பதில் உங்கள் வேலையிலிருந்து ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார் ஆசிரியர். பெயர்களை விட்டுவிட்டு, விழுந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். மணிவாரியாகப் பிரித்துக் கரும்பலகையில் வரைந்தபோது, இரவில்தான் அதிகம் விழுகிறார்கள் என்று அத்தனை ஆண்டுகளும் நாங்கள் நம்பியிருந்தது தவறு என்று தெரிந்தது. பணி மாறும் வேளைகளில் பட்டைகள் உயர்ந்து நின்றன. ஒரு ஷிப்டில் இருந்தவர்கள் அடுத்த ஷிப்டுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருக்கும் அரை மணி நேரம், கட்டிலருகே யாரும் இல்லை.

ஆசிரியர் அதோடு விடவில்லை. அந்த நேரங்களில் எத்தனை நோயாளிகள் எழுந்து நடமாடுகிறார்கள் என்று தெரியாமல் எந்த நேரம் ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது, பகுதியெண், அதாவது மொத்தம் எத்தனை பேரில் என்ற எண், இல்லாத எண்ணிக்கையை நம்பாதே என்றார். அடுத்த இரண்டு மாதம் அதையும் எண்ணினோம். அதன் பிறகும் பணிமாற்ற வேளையே முன்னால் நின்றது. எங்கள் தலைமைச் செவிலியர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, விவரம் ஒப்படைக்கும் நேரத்தில் ஒருவர் வார்டிலேயே இருக்க வேண்டும் என்று முறை வைத்தார். ஆசிரியரோ அந்தத் தாளை என் அனுமதியுடன் பகல் வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்தார். இருபது வயது மாணவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இப்படிப்பட்ட கேள்வியைக் கொண்டுவர அவர்களுக்கு இன்னும் வாய்ப்பு வரவில்லை; அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்களை வெளியே அனுப்பினால் இத்தகைய கேள்விகளும் எங்களோடு வெளியே போய்விடும்.

மாற்று ஏற்பாடாகப் பதிவுசெய்த காணொளிப் பாடங்களை இணையத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தாருங்கள், நான் அவற்றை வரவேற்கிறேன். இரவுப் பணியின் இடைவேளையில் அவ்வாறு கேட்டுப் படித்திருக்கிறேன். ஆனால் வகுப்புக்குப் பதிலாக அவை போதும் என்ற எண்ணத்தைத் தொலைநிலைக் கல்வியில் முன்னோடிகளே ஏற்றதில்லை. 1969-இல் சாசனம் பெற்று 1971 ஜனவரியில் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி எதுவும் கேட்காமல் மாணவர்களைச் சேர்த்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்தியது. அதோடு நின்றுவிடாமல் ஊர்தோறும் படிப்பு மையங்களையும், பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு மாணவரை அறிந்த ஆசிரியர்களையும், ஒன்றாகத் தங்கிப் படிக்கும் கோடைக்கால வகுப்புகளையும் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்தது. தனியாகப் படிக்கும் பெரியவர் எந்த இடத்தில் சோர்ந்துபோவார் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். என் வரைபடத்தைப் பார்த்துப் பகுதியெண் எங்கே என்று எந்தக் காணொளியும் என்னைக் கேட்டிருக்காது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்ற நிபந்தனையை மற்றத் துறைகளுக்கு நீங்கள் விதிப்பதில்லை, விதிக்கவும் கூடாது. பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு வரி செலுத்துகிறவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதில் இருப்பவர்கள். அவர்களுக்காக இருக்கும் ஒரே துறையிடம் மட்டும் வரவு செலவுக் கணக்குக் கேட்பதற்கு என்ன அடிப்படை? நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குப் பணம் கட்டி நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள் வழக்கம்போல் தொடரும் என்ற வரியும் சுற்றறிக்கையின் கடைசியில் இருக்கிறது. அப்படியானால் பணம் கட்ட நிறுவனம் இருப்பவருக்கு மட்டும் இனி இங்கே இடம் உண்டு. வேலையிழந்தவர், வீட்டில் இருக்கும் பெண், ஓய்வுபெற்றவர், சிறு தொழில் செய்பவர் ஆகியோருக்கு இடமில்லை. 2015-இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.3 என்ற இலக்கு, 2030-க்குள் எல்லாப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பல்கலைக்கழகக் கல்வி உட்பட உயர்கல்வி கட்டுப்படியாகும் செலவில் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதில் வயது வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. உங்கள் ஆண்டறிக்கை இந்த இலக்குகளைத் தன் கடமையாக அறிவித்திருக்கிறது. அதை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கைகள் இவை. அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இந்த முடிவை நிறுத்திவையுங்கள். அதற்கு முன்பாக மாலை வகுப்பு மாணவர்களையும் ஆசிரியர்களையும் அழைத்துக் கேளுங்கள். கடந்த பத்து ஆண்டுகளின் சேர்க்கை, இடைநிற்றல் எண்ணிக்கைகளை வெளியிடுங்கள்; அதில் திரும்பி வந்து சேர்ந்தவர்களை ஒரே மாணவராக எண்ணுங்கள், தனிப் பாடத்துக்காக மட்டும் வந்தவர்களைத் தனியே காட்டுங்கள்.

வகுப்பு நேரத்தை மீண்டும் ஆறரை மணிக்கு மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது சேர்க்கை அலுவலகமும் நூலகமும் இரவு எட்டரை மணி வரை திறந்திருக்கட்டும். விண்ணப்பத்தில் காப்பாளர் கையொப்பத்தையும் நன்னடத்தைச் சான்றிதழையும் 21 வயதைக் கடந்தவர்களுக்கு நீக்குங்கள். இதற்கு நிதி தேவையில்லை, பதிவாளரின் ஓர் ஆணை போதும்.

தேறிய தாள்கள் குறைந்தது எட்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்று விதியைத் திருத்துங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் படிக்க வருபவர்களுக்கு அடிப்படைக் கணிதமும் எழுத்துப் பயிற்சியும் தரும் முன்வகுப்புக்கு அனுமதி கொடுங்கள். பணி அனுபவத்தை மதிப்பிட்டுத் தாள்களில் விலக்கோ பட்டமோ அளிக்கும் முறையைப் பிரான்ஸ் 2002-இல் சட்டமாகவே கொண்டுவந்தது; அங்கே பேராசிரியர்களும் தொழில் அறிந்தவர்களும் கொண்ட குழு விண்ணப்பதாரரை நேரில் கேட்டு முடிவு செய்கிறது. அதைப் போன்ற ஒரு குழுவை இங்கே சோதனை முறையில் இரண்டு துறைகளிலாவது தொடங்குங்கள். கல்விப் பேரவையில் மாலை வகுப்பு மாணவர் ஒருவருக்கு இடம் கொடுங்கள், அடுத்த சுற்றறிக்கை வரும்போது அது எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

இவை எதையும் ஏற்க இயலாது என்றே நீங்கள் முடிவுசெய்தாலும், ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் எங்கள் பிரிவையாவது இறுதிப் பருவம் வரை படிக்க விடுங்கள். நாங்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். எங்களுக்கு இன்னும் ஐந்து தாள்கள் மீதமிருக்கின்றன. இந்தப் பருவத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளுக்கு முன்பாக, எழுத்து மூலம் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பட்டய மாலை வகுப்பின் மாணவி